எடுத்தவர்களும் ஒளித்தவளும்

பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர்களே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: நம் தொழிலில் வாய் விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் வாடிக்கையாளரின் கையில் இருக்க வேண்டும். உக்குவளை ஸ்டேசனுக்குப் போகிற பாதையில் பதினாறு வருஷமாகக் கடை நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவளும் நான்தான். களவு கூடாது என்கிற ஏழாம் கட்டளையில் கோயிலுக்குள் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. வந்ததெல்லாம் கடையில்தான்.

இல்லாத பால்மா

பால்மாவுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் அது. எனக்குக் கிடைத்த ஒரு பெட்டியை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்து, தெரிந்த முகங்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அதைத்தான் செய்தீர்கள், மறைக்காதீர்கள். ஒரு காலையில் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். செல்வமலர் என்ற பெயரெல்லாம் பிறகுதான் தெரியும். "அக்கா, பால்மா இருந்தா உடைச்சு ஒரு நூறு கிராம் மட்டும் தாங்கக்கா" என்றாள். முன்பின் பார்க்காத முகம். "பால்மாவே வரல்லம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் பருப்பு நிறுக்கத் திரும்பினேன்.

நிறுத்து முடித்துப் பார்த்தால், அவள் மூட்டைகளின் பக்கமிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். பை புடைத்திருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். உள்ளே ஒரு முழுப் பக்கற். கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "களவெடுக்க வெக்கமா இல்லையா?" என்றேன்.

அவள் அழவில்லை, கையை உதறவுமில்லை. "வெக்கமாத்தான் இருக்கு. புள்ளைக்கு ரெண்டு நாளா வெறும் பிளேன்டீதான் குடுக்கிறேன்" என்றாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "நீங்கதானே இல்லைன்னு சொன்னீங்க? இல்லாத சாமான எப்படிக்கா களவெடுக்கிறது?"

பாதரிடம் போனேன்

அந்தப் பக்கற்றை அவளிடமே கொடுத்து, இன்னொன்றையும் பையில் போட்டு அனுப்பிவிட்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. ஆறேழு பேர் முன்னால் கடைசியில் வெட்கப்பட்டது நான்தானே! ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் பங்குப் பாதரிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரு பக்கற்றுக்கு இரண்டு பக்கற் கொடுத்ததைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

பாதர் பாராட்டவில்லை. பிள்ளை பசித்திருக்கும்போது வேறு வழியே இல்லாமல் ஒருத்தி எடுத்தால் அதைத் திருச்சபை களவென்று சொல்வதில்லை என்றார். உலகத்தில் விளைகிறதைக் கடவுள் எல்லோருக்குமாகத்தான் கொடுத்தார், நம் கையில் இருப்பதெல்லாம் நம்மை நம்பி விடப்பட்டது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப ஏழாம் கட்டளை யாருக்குங்க பாதர்?" என்றேன். அவர் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேருக்குமேதான்மா. ஆனா மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வச்சவங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா."

கஜுப் பக்கற்

மறுநாளே பெட்டியைத் தூக்கி முன்னால் வைத்தேன். ஆளுக்கு ஒன்று, முகம் பார்க்காமல். அரை மணித்தியாலத்தில் முடிந்தது. தெரிந்த முகங்கள் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி நினைத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் மிளகுத் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். இரண்டு வேன் ஓடுகிறது, கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிறவர். சாமான்களைப் பார்த்துக்கொண்டே முந்திரிப் பருப்பு அடைத்த கஜுப் பக்கற் ஒன்றை எடுத்துக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் விட்டார். என்னோடு கடையில் வேலை செய்யும் நஸீமா பார்த்துவிட்டுக் கண்ணைக் காட்டினாள். செல்வமலரின் கையைப் பிடிக்க ஓடின கால், இந்த முறை அசையவே இல்லை. கடைசியில், பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காத குரலில், "ஐயா, பொக்கற்றில இருக்கிற கஜுவையும் பில்லுல போடட்டுங்களா?" என்றேன்.

"அடடா, மறந்தே போச்சு!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போதாததற்கு, "எல்லாருக்கும் வர்ற மறதிதானுங்க ஐயா" என்று சமாதானமும் சொன்னேன். அவர் வேனில் ஏறிப் போனதும் நஸீமா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கேட்டாள்: "ஏனக்கா, தோட்டத்தில கொழுந்து பறிக்கிறவங்களுக்கு மட்டும் இந்த மறதி வர மாட்டேங்குதே?"

ரெண்டு தேங்காய்

ஒரு சந்தை நாள். மூன்று கடை தள்ளி ஒரே கூச்சல். கூலி வேலைக்கு வந்து வேலை கிடைக்காத ஒருவர் இரண்டு தேங்காயை இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள் வைத்துக்கொண்டு போகும்போது பிடித்துவிட்டார்கள். ஒருவன் அறைந்தும்விட்டான். காதோரம் ரத்தம். பொலிசுக்குச் சொல்லுங்கள் என்று ஒரு பக்கம், இன்னும் நாலு போடுங்கள் என்று இன்னொரு பக்கம். அன்றைக்கு எனக்குத் தயக்கமே வரவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து, தேங்காயின் விலையைக் கடை முதலாளியின் கையில் வைத்தேன். "இந்த ரெண்டும் நான் வாங்கியாச்சு. என் சாமானை இவர் தூக்கிக்கிட்டு வர்றார். இனி இவர் மேல யாரும் கை வைக்கக் கூடாது" என்றேன்.

முதலாளிக்கு ஆத்திரம். "இப்படிச் செஞ்சா நாளைக்கு என் கடையில ஒரு தேங்காய் மிஞ்சுமா?" என்றார். நியாயமான கேள்விதான், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூட்டம் கலைந்தது. அந்த மனுஷனை என் கடைக்குக் கூட்டி வந்து, தண்ணீர் கொடுத்து, காதைத் துடைக்கத் துணி கொடுத்தேன். நன்றி சொல்லப் போகிறார் என்று நின்றேன். அவர் தேங்காய்களை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இதில ஒண்ணு கெட்டுப் போயிருக்குங்க. காசு குடுத்திருக்கீங்கதானே, மாத்திக் கேளுங்க."

வாசல் பெட்டி

அதற்குப் பிறகுதான் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்தேன். அரிசி, பருப்பு, சவர்க்காரம், ஒரு பால்மாப் பக்கற். தேவையானவர்கள் கேட்காமலே எடுக்கலாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டினேன். மூன்று நாள் ஒரு மணி அரிசிகூடக் குறையவில்லை. "நீங்க இங்க இருந்து முழிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தா யாரு கை வைப்பாங்க?" என்று நஸீமா திட்டி, கல்லாவில் நான் உட்காரும் கதிரையை மறுபக்கம் திருப்பிப் போட்டாள்.

அன்று பின்னேரம் திரும்பிப் பார்த்தால் சாமானும் இல்லை, பெட்டியும் இல்லை. எனக்குப் பொல்லாத கோபம். இதுவும் பசிக் களவா என்று பாதரிடமே கேட்கப் போகிறேன் என்று குடையை எடுத்தேன். நஸீமா உள்ளேயிருந்து இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து துடைத்து, அதே இடத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "விடுங்கக்கா, சாமான் கொண்டு போறவங்களுக்குப் பெட்டியும் வேணும்தானே."

கடைச் சுவரில் கமரா பூட்டச் சொல்லி எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். பூட்டலாம்தான், ஆனால் முதல் நாளே அதில் அகப்படப் போவது கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் என்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன்.