மாட்டுச் சீட்டு

மாதேஸ்வரியைப் பற்றி எங்கள் ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும் "வாய் ஜாஸ்தி" என்பார்கள். தமிழில் திட்ட ஆரம்பித்துக் கன்னடத்துக்கு ஏறி, தெலுங்கில் முடிப்பாள். அந்த வாய் மட்டும் இல்லையென்றால் புருஷன் செத்த மறு வருஷமே பங்காளிகள் அவள் நிலத்தைத் தின்று ஏப்பம் விட்டிருப்பார்கள். வாய் ஜாஸ்தியாம்! எங்களுக்குத்தான் காது இல்லை. நான் ஹரீஷ்குமார், அங்கே லேப் டெக்னீஷியன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஓசூர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் ஊர் தொரப்பள்ளியைத் தாண்டி. பதினோரு வருஷம் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டினாள். மருந்து நெடியில் மூச்சு இளைக்கத் தொடங்கியதும் அதை விட்டுவிட்டு, இரண்டு ஜெர்சி மாடு வாங்கி சொசைட்டிக்குப் பால் ஊற்றினாள். அந்தப் பாலில்தான் ஒரே மகள் பிரவீனாவைப் படிக்க வைத்து, அத்திப்பள்ளி கம்பெனியில் வேலை செய்யும் பையனுக்குக் கட்டிக் கொடுத்தாள். நான்கு வருஷம் ஏங்கிய பிறகு பிரவீனா உண்டானாள். ஐந்தாம் மாதம் ஓய்வுக்காக அம்மா வீட்டுக்கு வந்தாள்.

வந்த பத்தாம் நாள் சினை மாடு ஏழாம் மாதத்திலேயே கன்று வீசிவிட்டது. முரண்டு பிடித்த மாட்டை மாதேஸ்வரி பிடித்துக்கொள்ள, பிரவீனாதான் செத்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுத்துச் சாக்கில் போட்டாள். மாட்டுக்கொட்டகையில் கையுறையைத் தேடிக்கொண்டா நிற்பார்கள்?

கால்நடை மருந்தக உதவியாளர் வெங்கடப்பன் மாட்டின் ரத்தத்தை ஆய்வுக்கு அனுப்ப வைத்தார். ஆறாம் நாள் முடிவு வந்தது. கன்று வீச்சு நோய். மனிதருக்கும் தொற்றும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் வாரம் பிரவீனாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலமானால் உடம்பு தெப்பமாக நனையும், இடுப்பு கழன்று விழும். எங்களிடம் வந்தாள். ரத்தம் எடுத்து, கையோடு டைபாய்டு என்று எழுதிக் கொடுத்தேன். மாத்திரையில் விட்ட காய்ச்சல் பத்து நாளில் திரும்பி வந்தது. நானும் மறுபடி ரத்தம் எடுத்து மறுபடி டைபாய்டு என்றே எழுதினேன். வீட்டில் மாடு இருக்கிறதா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. காய்ச்சல் என்றால் டைபாய்டு. எங்களுக்குத் தெரிந்த பாட்டு அது ஒன்றுதான்.

மூன்றாம் முறை மாதேஸ்வரி மாட்டுச் சீட்டோடு வந்தாள்.

"டாக்டரம்மா, மாட்டுக்கு வந்த நோவு மனுசனுக்கும் ஒட்டுமாம். இதைக் கொஞ்சம் பாருங்க."

டாக்டர் சீட்டைத் தொடவே இல்லை. "இது மாட்டுச் சீட்டும்மா. மாட்டாஸ்பத்திரி பக்கத்துக் காம்பவுண்டு."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"மாடு பொழச்சுக்கிச்சு. மாட்டைத் தொட்ட எம் மவதான் சாவறா. அவளை எந்தக் காம்பவுண்டுக்குக் கூட்டிட்டுப் போவணும்?"

வாட்ச்மேன் வந்து அவளை வெளியே கொண்டுபோய் விட்டான்.

சிரித்த வாய் அன்று முழுக்கக் கசந்தது. மறுநாள் பிரவீனாவின் ரத்தத்தை எடுத்து, மாட்டுச் சீட்டில் இருந்த நோயின் பெயரையே எழுதிப் பெரிய ஆஸ்பத்திரி லேபுக்கு அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. அதே நோய். ஆனால் ஒன்பதாம் நாளே பிரவீனாவுக்குக் கரு கலைந்துவிட்டது. மாடென்றால் கன்று வீசியது என்று உரக்கச் சொல்கிறோம், பெண்ணென்றால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மாதமே இரண்டு துறைக்கும் சேர்த்துக் கூட்டம் போட்டார்கள். மனிதநலமும் கால்நடைநலமும் ஒன்று என்று பேனர். வடை, காபி, கைகுலுக்கிப் போட்டோ. வடை நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் மாதேஸ்வரி வந்தாள். பின்னால் வெங்கடப்பன்.

"மாட்டு முடிவு வந்த மறுநாளே இங்க கடுதாசி குடுத்தன் சார், எங்கையால," என்றார் அவர். "அது எங்க போச்சுன்னு அக்கா கேக்கறாங்க."

கிளார்க் மழுப்பினான். நானே தபால் கோப்பை எடுத்துப் பிரித்தேன். இருந்தது. மாதேஸ்வரி எட்டாம் வகுப்பு. விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மேற்படி வீட்டில்... ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர்... உள்ளார். உரிய நடவடிக்கை எடுக்க... வேண்டுகிறோம்."

கீழே 'பார்க்கப்பட்டது' என்று முத்திரை. அதைச் சுற்றி ஐந்து பேரின் சுருக்கொப்பம். அலுவலகத்தில் தபால் அப்படித்தான் போகும். மேஜை மேஜையாக வரும், ஒப்பம் போட்டுத் தள்ளிவிடுவோம்.

ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது யாரு?" என்று கேட்டாள். சொல்லிக்கொண்டே வந்தேன். நான்காவதில் விரல் நின்றது.

"என்னுது," என்றேன்.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை.

"படிச்சுட்டுப் போட்டியா, படிக்காமயா?"

"படிக்கல."

ஒப்பத்துக்குக் கீழே நான் போட்டிருந்த தேதியை உற்றுப் பார்த்தாள். விரலை எடுக்கவே இல்லை.

"இந்தத் தேதியிலதான்டா எம் மவ மொதமொதல்ல உங்கிட்ட ரத்தம் குடுத்தா."