பலகை இல்லாத வீடெல்லாம் நம் வீடு

வெர்லா ஹூக்ஸ்ட்ரா காரை நடைவேகத்தில் ஓட்டியபடி வீடுகளைப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறாள். வாசல் புல்தரையில் யானைக் கட்சியின் தேர்தல் பலகை நட்டிருந்தால் அவர்கள் வீடு. கழுதைக் கட்சியின் பலகை என்றால் நம் வீடு. எந்தப் பலகையும் இல்லையென்றால்?

"வெக்கப்படுறாங்கடி. நம்மாளுங்கதான்" என்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கை அர்டிஸிடம்.

"அங்க ஆளே இல்லக்கா. அந்தக் கெழவர் செத்து ரெண்டு வருஷமாச்சு."

"இருந்தப்ப நம்மாளாத்தான் இருந்திருப்பாரு."

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் அந்தச் சோளக்காட்டு மாவட்டத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் வெர்லா. அவளுக்குத் தெரியாத வாசல் கிடையாது. அவளுடைய ஜனநாயகக் கட்சியோ அங்கே கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலிலும் "இந்தத் தடவை மாவட்டமே திரும்புது பாரு" என்பாள். பனிப்புயலில் அடுத்தவன் காரை டிராக்டர் கட்டி இழுத்துவிடுகிறவன் நம்மாளு. நூலகப் புத்தகத்தை நாள் தவறாமல் திருப்பித் தருகிறவளும் நம்மாளு. அவர்களே யானைக் கட்சி என்று சத்தியம் செய்தாலும் விடமாட்டாள். "அது வாய் சொல்றது. மனசு நம்ம பக்கம்."

பக்கத்து வீட்டு டெல்பர்ட் பரம்பரை யானை, குடியரசுக் கட்சிக்காரன். அவன் கணக்கு வேறு. வெர்லா கிழிந்த கையுறையைத் தைத்துப் போடுகிறாள், வீணாக ஒரு விளக்கு எரிய விடமாட்டாள். "ஒங்க அக்கா எங்க கட்சிதான் அர்டிஸ். அவளுக்குத்தான் அது தெரியல" என்பான். இப்படி வேலிக்கு இருபுறமும் நின்று ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டே இருவருக்கும் தலை நரைத்துவிட்டது.

அவர்களுக்குள் ஒரு பந்தயமும் உண்டு. தோற்றவர் புல்தரையில் ஜெயித்தவரே வந்து தன் கட்சிப் பலகையை அடித்து நடுவார். நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாள் வான்கோழி விருந்து வரை அது அங்கேயே நிற்க வேண்டும். இதுவரை நின்றதெல்லாம் வெர்லாவின் புல்தரையில்தான்.

இந்த வருடம் மாவட்டக் குழுவுக்கு நிற்கக் கழுதைக் கட்சியில் ஆள் கிடைக்கவில்லை. வெர்லா தானே நின்றாள். தன் பெயர் போட்ட நீலப் பலகை ஒரு தடவையாவது டெல்பர்ட் வாசலில் நிற்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். வீடு வீடாகப் போனாள். போன இடமெல்லாம் உட்கார வைத்து, மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுட்ட ஆப்பிள் பை கொடுத்தார்கள்.

"ஆப்பிள் பை வெட்டிக் குடுத்தாங்கடி! குடுத்துட்டு எவளாவது மாத்தி ஓட்டுப் போடுவாளா?"

"போடுவாக்கா. 'முடியாது'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாம இந்த ஊர்ல குடுக்கறதுதான் அது."

அர்டிஸ் சொன்னதுதான் நடந்தது. தோல்வி என்றால் சாதாரணத் தோல்வி அல்ல, மண்ணைக் கவ்விய தோல்வி. ஆப்பிள் பை வீடுகள் மொத்தமும் கைவிட்டிருந்தன. வெர்லா அடுப்படியில் நின்று வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு காப்பி போட்டாள். பந்தயம் பந்தயம்தானே. டெல்பர்ட் வருவான்.

வந்தான். ஒரு கையில் யானைப் பலகை, மறு கையில் சுத்தியல். காப்பிக் கோப்பையோடு அவள் வாசலுக்குப் போனாள். வழக்கமாக ஒரு சீண்டலோடுதான் வேலையைத் தொடங்குவான். அன்று புல்தரையைப் பார்த்தபடியே நின்றான். அவள் சிவந்த கண்களைப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் பண்ண முடியாது வெர்லா. தரை ஒறஞ்சு கெடக்கு. பலகை எறங்காது."

இரண்டு நாளாக விடாத மழை. டெல்பர்ட்டின் பூட்ஸ் கணுக்கால் வரை சேற்றில் புதைந்திருந்தது.

நுனிநாக்குவரை வந்துவிட்டது அந்த ஒரு சொல். ஊரில் இருப்பவர், இல்லாதவர் எல்லோருக்கும் வாரி வழங்கிய சொல். வெர்லா அதை அப்படியே விழுங்கினாள்.

"ஆமா டெல்பர்ட். கல்லு மாதிரி கெடக்கு" என்றாள். அவன் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டு, அந்தக் கையில் காப்பியை வைத்தாள்.