அக்கா எழுதிய உதவிப் பக்கங்கள்

என் அக்கா நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் வேலை பார்க்கிறாள். அங்கே கணினியில் ஓடுவது இலவச மென்பொருள். முகம் பார்த்திராத பலர் சேர்ந்து சம்பளம் வாங்காமல் எழுதியது; யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதில் ‘உதவி’ என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் வரும் நூற்றுப்பத்துப் பக்கங்களும் அக்கா எழுதியவை.

பதினோரு வருஷமாக எழுதுகிறாள். வேறு நூலகத்தில் யாராவது இதே மென்பொருளில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டால் போன் போட்டு, “முதல்ல எதை அழுத்தினீங்க? அப்புறம்?” என்று போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பாள். பிறகு எழுதுவாள்: “தவறுதலாக அழித்துவிட்டீர்களா? பதற வேண்டாம். இன்று மாலைவரை அது அங்கேயேதான் இருக்கும்.” வீட்டில் நான் ஒரு டம்ளரை உடைத்தால் மட்டும் இந்தப் பொறுமை எங்கே போகுமோ தெரியாது.

அவள் செய்த தப்பு ஒன்றுதான். எழுதியதைத் தானே ஏற்றத் தெரியாமல், மென்பொருளைக் கவனித்துக்கொள்ளும் புரோகிராமருக்கு மெயிலில் அனுப்பிவிடுவாள். அவர் தன் கணக்கிலிருந்து ஏற்றுவார். பங்களித்தவர்கள் பட்டியலை, யார் கணக்கிலிருந்து வந்தது என்று பார்த்துக் கணினியே தயாரித்துவிடும். ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் அக்கா அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படிப்பாள். கேட்டால், “சும்மா பாத்தேன்” என்பாள். சும்மாவா? ஒருமுறையாவது அவள் பேர் அதில் வந்துவிடாதா என்று எனக்கே ஏக்கமாக இருக்கும்.

இந்த வருஷம் மென்பொருளின் உரிமத்தை, அதாவது யார் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற விதிகளை, மாற்ற முடிவு செய்தார்கள். ஒரே ஒரு வரி எழுதியவர் என்றாலும் அந்த வரி அவருக்குச் சொந்தம். அவர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. எழுதிய எல்லோருக்கும் கடிதம் போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அக்கா காலையில் பல்கூடத் தேய்க்காமல் மெயிலைத் திறந்தாள். மூன்று வாரம் இப்படியே போனது.

கடிதம் வந்தது, நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைக்கும் பைண்டருக்கு. என்றைக்கோ தானே கணக்குத் தொடங்கி மென்பொருளில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திய மனுஷன். “என்னம்மா இது, சம்மதம் கேக்குறாங்க? வம்பு ஒண்ணும் இல்லையே?” என்று அக்காவிடமே வந்து நின்றார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக விளக்கி, ‘சம்மதம்’ என்ற கட்டத்தில் டிக் போட வைத்து அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் புரோகிராமருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“உங்க பக்கமெல்லாம் என் பேர்லதானே இருக்கு மேடம்? அதுக்கும் சேத்து நானே சம்மதம் குடுத்துட்டேன். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?”

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பேசி முடித்ததும், “சம்மதம் இல்லேன்னு எழுது. நூத்திப்பத்துப் பக்கத்தையும் எடுக்கச் சொல்லு” என்று குதித்தேன்.

“எடுத்துட்டா, மாட்டிக்கிட்டவங்க என்னடி பண்ணுவாங்க?” அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். “எத்தனை தடவை கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்.”

ராத்திரி விளக்கை அணைக்கும்போது, “கேட்டிருக்கலாம்” என்றாள்.