என் தீவைப் பார்த்துவந்த சிவகலா

சிவகலாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவேன். உழைப்பாளி. கைதடியில் பிறந்து, பத்தொன்பது வயதில் சுவிசுக்கு வந்து, பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரி லாண்டரியில் சேர்ந்தவள் இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறாள். இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கிவிட்டாள். நாங்கள் குடியிருக்கும் பூம்ப்ளிஸில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இவள் வீட்டு ரசம் போய்ச் சேரும். எல்லாம் உண்மை. ஆனால் அவளிடம் சுவிசின் சிவப்புப் பாஸ்போர்ட் இருக்கிறது, என்னிடம் இல்லை. அதனால் அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

நானும் அதே லாண்டரிதான், ஆனால் 2009இல் வந்தவள். என்னிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு உலகத்தில் எங்கேயும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகக் கூடாது. போனால் இங்கே இருக்கிற உரிமை போய்விடும். என் அம்மாவோ மன்னார் தீவில், பேசாலையில், கண்ணில் பூ விழுந்து தனியாக இருக்கிறா. நான் சுவிஸ் பாஸ்போர்ட் எடுக்கும்வரை அவ இருப்பாவோ இல்லையோ, அதுதான் என் ஒரே பயம். அதற்கு வேண்டிய டொச் மொழிச் சோதினையிலும் ஒருமுறை கோட்டை விட்டுவிட்டேன்.

2018 தை மாதம் சிவகலா எங்கள் தீவுக்குப் பக்கத்துத் திருக்கேதீச்சரத்துக்கு ஒரு நேர்த்தி வைத்துப் புறப்பட்டாள். "அப்பிடியே உங்கடை மன்னாரையும் ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்றாள், ஏதோ சந்தைக்குப் போகிறவள் மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவுக்கு ஒரு பார்சல் கொடுத்துவிட்டேன். சொக்லேற், முழங்காலுக்குப் பூசும் கிறீம், ஒரு நைற்றி. "சிவகலா எண்டு ஒரு பிள்ளை வருவா, வீட்டிலை வைச்சுப் பாருங்கோ" என்று அம்மாவுக்குப் போனில் சொன்னேன்.

திரும்பி வந்தாள். முகம் நல்லாய்க் கறுத்திருந்தது. படுக்கை விரிப்பை மெஷினுக்குள் விடும்போது அந்தத் தலைப்பில் அவள், இந்தத் தலைப்பில் நான். தொடங்கிவிட்டாள்.

"மன்னார் ஒரு தீவெண்டு உனக்குத் தெரியுமோ, மெற்றில்டா?"

எனக்கு! அந்தத் தீவில் பிறந்து, அந்த உப்புக் காற்றிலேயே வளர்ந்த எனக்கு!

"இந்தியாப் பக்கம் நாக்கை நீட்டின மாதிரிக் கிடக்கடி. நீட்டுப் பாலம். ரெண்டு பக்கமும் முழங்கால் தண்ணி. அதுக்குள்ளை பிளமிங்கோ ஆயிரக்கணக்கிலை நிக்குது. பாலம் முடிய ஒல்லாந்தற்றை கோட்டை. ரோட்டெல்லாம் கழுதை. பள்ளிமுனையிலை ஒரு பெருக்கமரம், எங்களைப் போலப் பத்துப்பேர் கை கோத்தாலும் சுத்திப் பிடிக்கக் காணாது. தலைமன்னாரிலை பழைய இறங்குதுறை, வெளிச்சவீடு. அங்காலை கடலுக்குள்ளை மணல்திட்டு."

நான் இருந்த சண்டைக் காலத்தில் தலைமன்னார்க் கரைக்கு யார் எங்களை விட்டார்கள்? அந்த மணல்திட்டை நான் ஒருநாளும் கண்டதில்லை. பெருக்கமரத்தைக் கழுதை படுக்கும் நிழல் என்றுதான் தெரியும். கைதடிக்காரி ரிக்கற் எடுத்துப் போய் என் தீவைப் பார்த்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுக்கிறாள்.

"அம்மாவைப் பாத்தனியோ?"

"ஓம், ஓம். பார்சல் குடுத்தனான்." அவள் விரிப்பின் மூலையைத் தேடினாள். இவ்வளவு நேரமும் மழை மாதிரிக் கொட்டியவள் அடுத்த விரிப்பை எடுக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"சுகமாய்ப் போய்ச் சேந்தியோ பிள்ளை?"

"எங்கையம்மா?"

"சுவிசுக்குத்தான். இனி மறைக்காதை, பக்கத்திலை ஒருத்தரும் இல்லை." அம்மா குரலைத் தாழ்த்தினா. "போனிலை நீ சிவகலா எண்டு சொன்னவுடனை எனக்கு விளங்கீற்றுது. வேறை பேரிலைதானே வருவியள். நானும் ஆக்களுக்கு முன்னாலை சிவகலா, சிவகலா எண்டே கூப்பிட்டன். இரவு என்ரை பக்கத்திலை நீ படுத்தாய்தானே, அது காணும் எனக்கு. இனிக் கண்ணை மூடினாலும் பரவாயில்லை."

சண்டைக் காலத்தில் எங்கள் பக்கம் அப்படித்தான். போனில் ஒருவரும் உண்மைப் பேர் சொல்வதில்லை. தங்கராசா வருகிறார் என்றால் வருவது வேறு ஆள். அந்தப் பழக்கம் அம்மாவை விட்டுப் போகவில்லை. அதற்கு மேல் அந்தக் கண்.

"அந்தப் பெருக்கமரத்துக்குக் கீழை நீ சொன்னதை நினைச்சு நினைச்சுத்தான் இருக்கிறன்" என்றா அம்மா.

"ஓமம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் விடிய வேலைக்குப் போனதும் விரிப்பை அவள் கையிலிருந்து பறித்தேன்.

"கள்ளி! அது என்ரை அம்மாவடி!"

மெஷின் சத்தத்திலும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிவகலா அசையவில்லை.

"எனக்கும் இரவுதான் விளங்கினது. காதுக்குள்ளை 'மெற்றில்' எண்டு கூப்பிட்டவ. நான் என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது? கையை விடேல்லை மனிசி. நேர்த்திக்கு விரதம் இருந்தனான், கணவாய்க் கறி வைச்சு ஊட்டி விட்டவ. திண்டனான். செபமாலை சொல்லச் சொன்னவ, வாயை அசைச்சன். அடுத்தநாள் வான் ஒண்டு பிடிச்சு ஏத்திக்கொண்டு தீவு முழுக்கக் காட்டினனான். கண் தெரியாட்டியும், இது கோட்டை, இது பாலம் எண்டு அவதான் எனக்குச் சொன்னவ."

அவளை நல்லவள் என்று ஊர் சொல்வது சும்மா இல்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. விரதக்காரி எனக்காகக் கணவாய் தின்றிருக்கிறாள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில், அந்தக் கணவாய் என் வாய்க்கு வரவேண்டியது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அடுத்த ஞாயிறும் அம்மா கேட்பா. வான் பிடித்துப் போனதைக் கதைப்பா. நான் போய்வந்த பயணத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. விரிப்பின் ஒரு தலைப்பை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"பெருக்கமரத்துக்குக் கீழை நான் அம்மாவுக்கு என்ன சொன்னனான்?"

சிவகலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஏன் என்னை விட்டிட்டுப் போனனீ எண்டு கேட்டவ. 'விருப்பத்திலை போகேல்லையம்மா. ஒருநாளும் உங்களை மறக்கேல்லை' எண்டு சொன்னனீ."

"அதுக்கு அம்மா?"

"தெரியும் பிள்ளை எண்டா. தலையைத் தடவி விட்டா."

விரிப்பு மெஷினுக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் அவளுடைய தலையைப் பார்த்தேன். எண்ணெய் வைத்து வாரி, வேலைத் தொப்பிக்குள் பாதி மறைந்திருந்த தலை.

"எந்தப் பக்கம் தடவினவ?" என்று கேட்டேன்.