இடது பக்கத்து பிரேக்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நான் வேலை பார்க்கும் ஒரகடம் பக்கத்தில் நடந்தது இது. அங்கே ஒரு கார் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் தர ஆய்வாளராக இருக்கிறேன். லைனில் வரும் வண்டியை விளக்கு வெளிச்சத்தில் தடவித் தடவிப் பார்த்து, இருக்கக் கூடாத ஒரு புள்ளி இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் வேலை. பதினெட்டு வருடமாக இதையே செய்ததில், தோசை வட்டமாக வராவிட்டால்கூட எனக்குக் கை பரபரக்கிறது என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

அப்படிப்பட்டவன் கையில் ஒரு பழைய ஹெரால்டு கார் சிக்கினால் என்ன ஆகும்? வாலாஜாபாத்தில் மூடிக்கிடந்த ஒரு ரைஸ்மில் ஷெட்டில், உமி மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது அது. இரண்டே கதவு, முன்பக்கம் மொத்தமும் ஒரே மூடியாகத் திறக்கும் சின்ன வண்டி. பார்த்ததும் மனதைப் பறிகொடுத்து, அன்றே விலை பேசி வாங்கிவிட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் என் வாடகை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் பிடித்து, விடுமுறை நாளெல்லாம் அதிலேயே கிடந்தேன்.

என் கொள்கை ஒன்றுதான். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ, அப்படியே இருக்க வேண்டும். பழைய கையேடு ஒன்றின் ஜெராக்ஸ் கிடைத்தது. அதில் இல்லாத பொருள் வண்டியில் எங்கே இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். மேலே வெள்ளை பெயின்ட், தேய்த்தால் மஞ்சள், அதற்கும் கீழே வெளிர் நீலம். நீலம்தான் பிறவி நிறம் என்று டேஷ்போர்டுக்குப் பின்னால் பார்த்து உறுதி செய்துகொண்டு, மஞ்சளைப் பொட்டுக்கூட மிச்சமில்லாமல் எடுத்தேன். இடது பக்க சீட்டுக்கு முன்னால் கூடுதலாக ஒரு பிரேக் பெடல் இருந்தது. எப்போதோ டிரைவிங் ஸ்கூலில் ஓடிய வண்டி என்று அதைப் பார்த்ததுமே தெரிந்தது. பட்டறையில் அடித்த முரட்டு வேலை, மேலே டயர் ரப்பரை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கழற்றிக் காயலான் கடைக்குப் போகும் இரும்போடு போட்டேன். தரையிலிருந்த ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்தேன். ஓட்டை இருந்த இடம் எனக்கே தெரியாத அளவுக்குச் சுத்தமான வேலை. அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தச் சமயத்தில் எங்கள் கம்பெனி குடும்ப விழாவில் பழைய கார்களுக்கென்று ஒரு கண்காட்சிப் போட்டி அறிவித்தார்கள். விண்ணப்பத்தில் 'வண்டியின் வரலாறு' என்று ஒரு கட்டம். எதையும் காலியாக விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினேன். முதல் சொந்தக்காரர் காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டர். அவர் குடும்பம் எங்கே போனது என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது, சுங்குவார்சத்திரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூல்.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு டீக்கடையில் போட்டோவைக் காட்டினேன். டீ மாஸ்டர் கையிலிருந்த கிளாஸை அப்படியே வைத்துவிட்டார்.

"அட, நம்ம மஞ்ச வண்டி! இன்னா சார், கலரை மாத்திட்ட? நான் இதுலதான் கத்துக்கினேன்."

ஷிப்டுக்கு ஆள் ஏற்றக் காத்திருந்த கம்பெனி பஸ் டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். அவரும் அதில்தான் பழகியிருக்கிறார். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் வந்தார், அவரும் அப்படியே. போட்டோ கை மாறி மாறிப் போய் டீக்கறையோடு திரும்பி வந்தது. இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்த காலத்தில், பயிர் வைத்துக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கு டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்த வண்டியாம் அது. ஸ்கூல் நடத்தியவர் காலமாகிவிட்டார், அவர் மனைவி பின் தெருவில் இருக்கிறார் என்று ஷேர் ஆட்டோக்காரரே கூட்டிப் போனார்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். மாடியில் கம்பெனிப் பெண்களுக்கு அறைகள் வாடகைக்கு விட்டிருந்தார். போட்டோவைப் பார்த்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு தபா அதில் உட்கார்ந்து பார்க்கணும் என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை அவர் வாசலுக்கே கொண்டு போனேன்.

பளபளக்கும் நீல பெயின்டை அவர் பார்க்கவே இல்லை. நேராக இடது கதவைத் திறந்து, குனிந்து, தரையைக் கையால் தடவினார்.

"பிரேக்கு எங்க சார்?"

அது ஒரிஜினல் கிடையாது, எடுத்துவிட்டேன் என்று விளக்கினேன். கொஞ்சம் மிடுக்கோடு சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் கோபப்படவில்லை. வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வூட்டுக்காரர் வெச்சது சார் அது. ரப்பர் அவரே வெட்டி ஒட்டினாரு. அவரு போனப்பறம் ரெண்டு வருசம் நான்தான் அந்த சீட்டுல குந்திக்கினு எல்லாருக்கும் கத்துக் குடுத்தேன். ரெண்டு புள்ளைங்களையும் அதுலதான் காப்பாத்தினேன். ரப்பர்ல அவரு கால் தேஞ்ச பள்ளம் இருக்கும். அதுமேலதான் என் கால வெச்சிக்கினு இருப்பேன். தெகிரியமா இருக்கும்."

அங்கிருந்து நேராகக் காயலான் கடைக்கு ஓடினேன். அந்த லோடு உருக்கப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றார் கடைக்காரர். ஆனாலும் குவியலைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். திரும்பிப் போய் அந்த அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. வேறு பெடல் செய்து வைக்கிறேன், ஆனால் எந்த இடத்தில் இருந்தது என்று அடையாளம்கூட மிச்சம் வைக்காமல் அடைத்துவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வலது கையை டிரைவர் சீட்டுப் பக்கம் நீட்டி, "ஸ்டியரிங்ல யாராச்சும் இருக்கணும், நீ குந்து" என்றார். உட்கார்ந்தேன். "வண்டி போவுதுன்னு நெனச்சிக்கோ. ஆடு ஒண்ணு குறுக்க வருது."

அவ்வளவுதான் சொன்னார். அவர் கால் தானாக எழுந்து ஓரிடத்தில் போய் நின்றது. காலை அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, இறங்கி ஓடி, சாக்பீஸ் வாங்கி வந்து பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். இன்னும் இரண்டு முறை வைக்கச் சொன்னேன். மூன்று முறையும் அதே கோட்டுக்குள் கால் வந்து நின்றது. என் ஆயுளில் பார்த்த எந்த அளவுக் கருவியும் இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை, எனக்குக் கண்ணில் தண்ணீர் வர வைத்ததும் இல்லை.

பராமரிப்புப் பிரிவு நண்பர் ஒருவரைப் பிடித்து புதுப் பெடல் செய்தேன். அழகு பார்க்கவில்லை, டயர் ரப்பரையே வெட்டி ஒட்டினேன். நான் அடைத்த தரையில் நானே துளை போட்டேன். கண்காட்சியில் நடுவர்கள் அதைப் பார்த்ததும் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். வரலாற்றுக் கட்டத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதிக் கொடுத்திருந்தேன். அதைப் படித்த நடுவர் ஒருவர் மட்டும் திரும்பி வந்து இடது கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

விழா முடிந்த அடுத்த ஞாயிறு, வல்லம் வடகால் சிப்காட் ரோட்டில் லாரிகள் அதிகம் இல்லாத காலை நேரம். அந்த அம்மா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். இடது சீட்டை எனக்குக் காட்டினார். "காலை பிரேக்கு மேல வெச்சிக்கோ. மிதிக்காத."

கிளம்பிய ஐந்தாவது நிமிடம் ஒரு கம்பெனி கேட்டிலிருந்து கன்டெய்னர் லாரி ஒன்று மூக்கை நீட்டியது. நான் மிதித்துவிட்டேன். வண்டி குலுங்கி நின்றது.

"நான் பாத்துக்கினுதானே கீறேன்! அவரு எனக்குக் கத்துக் குடுத்தப்ப, மொத நாளு ஒரே ஒரு தபாதான் மிதிச்சாரு. அப்பால கால் மேலயே இருக்கும், மிதிக்க மாட்டாரு."

அதற்குப் பிறகு நாய் வந்தது, சைக்கிள் வந்தது, எதிர்த் திசையில் ஒரு புல்லட் வந்தது. ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்காமல் இருந்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஓட்டினார், கன்னத்தில் கண்ணீர் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

இப்போது என் மனைவி எல்.எல்.ஆர். வாங்கி, அந்த வண்டியில்தான் பழகுகிறாள். இத்தனை வருடமாக நான் எப்போது சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாலும், இரண்டாவது நாளே சண்டையில் முடியும். இப்போது ஞாயிறுதோறும் அந்த அம்மா இடது சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார், எனக்குப் பின் சீட்டு, வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. அங்கே உட்கார்ந்து, மிதிக்காமல் காத்திருக்கும் அந்த அம்மாவின் காலைப் பார்க்கும்போதெல்லாம், நான் நேரில் பார்த்திராத அந்த மனிதர் தன் மனைவியை எவ்வளவு நம்பியிருந்தார் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் வருகிறேன்.