எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கருமணி

நான் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு மூடிக்கொள்ளும். ஆவடியில் எங்கள் மாடியில் இரண்டே வீடுகள். நடுவே ஒருவர் பாய் விரித்துப் படுக்கிற அகலத்துக்கு ஒரு நடை. காலையில் பால் பாக்கெட் எடுக்க நான் தாழ்ப்பாளை நீக்கினால், எதிரே கோலம் போட்டுக்கொண்டிருக்கும் கலா பாதியில் எழுந்து உள்ளே போய்விடுவாள். சற்று நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் கோலம் முடிந்திருக்கும், கதவு சாத்தியிருக்கும்.

மலாக்காவில் இதை வாசிக்கிறவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். அங்கே எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், சீனர் வீடோ மலாய்க்காரர் வீடோ, வாசலைக் கடக்கும்போது சாப்பிட்டாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்காமல் போக முடியாது. அந்தப் பழக்கத்தில், இங்கே வந்த புதிதில் கலாவிடம், "பசியாறிட்டியா?" என்று கேட்டேன்.

"இன்னாது? சோறு துன்னாத்தான் பசி ஆறும்" என்றாள் அவள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ எந்த ஊரு யக்கா? பேசறது தமிழுதான், ஆனா தமிழு மாதிரி இல்லியே."

என் கணவர் செல்வம் ஆவடிக்காரர். மலாக்காவில் பல வருஷம் வெல்டராக இருந்தவர், அம்மாவுக்கு முடியாமல் போனதும் ஊர் திரும்பினார். தாதி வேலை பார்க்கும் மகளை அங்கேயே விட்டுவிட்டு நானும் கூட வந்தேன். மாமியார் போன பிறகும் நாங்கள் திரும்பவில்லை. அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது. அவர் வேலைக்குப் போன பிறகு நீளும் பகலுக்கு எனக்கென்று இருந்தது ஒரு மரச்சட்டமும், பெட்டியில் கொண்டுவந்த மணிகளும்தான்.

மலாக்காவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான், பாபா என்று சொல்கிற பழைய மலாக்காச் சீனக் குடும்பம் ஒன்றின் செருப்புக் கடையில் வேலை பார்த்தேன். பெண்கள் போடும் செருப்பின் மேல்பகுதி முழுக்க மணியாலேயே பூவும் பறவையும் தைக்கிற கடை. துணியைச் சட்டத்தில் முறுக்கிக் கட்டி, கடுகில் பாதிகூட வராத மணியை ஊசிமுனையில் ஒன்றொன்றாக எடுத்து வைக்க வேண்டும். என் இடப்பக்கம் நோர்மா என்ற மலாய்க்காரி, வலப்பக்கம் ஆ லியான் என்ற சீனத்தி. மூவருக்கும் வீட்டில் வேறு வேறு பாஷை. மணிக்கு முன்னால் மட்டும் ஒரே பாஷை. மணியை மலாயில் மானிக் என்பார்கள். நம் வார்த்தைதான் கப்பலேறி வந்திருக்கிறது என்று நான் சொன்னால், நோர்மா ஒப்புக்கொள்ளவே மாட்டாள். வேலை சூடு பிடித்துவிட்டால் யாரும் பேச மாட்டோம். வெறும் துணியில் மெல்ல ஓர் இதழ் சிவந்து வரும்போது உடம்பில் ஒரு குளிர்ச்சி பரவும். அந்தச் சுகத்தை வேறு எதிலும் நான் கண்டதில்லை.

அதே சுகத்துக்காகத்தான் ஆவடியிலும் ஜன்னலோரம் சட்டத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிறகு, இதழ் என்று வரிசைக்கு வரிசை நிறம் மாறும். எண்ணிக்கை தப்பினால் பூவே கோணிப்போகும். அதனால் வாய்விட்டு எண்ணுவேன்.

அந்தச் சமயத்தில்தான் கலாவின் மகள் சுகந்தி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். வந்த சில நாட்களில் அவளுக்கு உதிரம் பட்டு, ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கச் சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் எதிர்வீட்டு நிலையில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. திருஷ்டிப் பொம்மை ஒன்றும் வந்தது. அது தெருவைப் பார்க்கவில்லை, என் கதவைப் பார்த்தது.

குமணன்சாவடியில் இருக்கும் ஹவுஸ் ஓனர் செல்வத்துக்குப் போன் செய்தார். "ஊட்ல எதுனா பூஜை கீஜை பண்றீங்களாப்பா? கம்ப்ளைன்ட் வருது. அப்பிடின்னா வேற எடம் பாத்துக்கோ." செல்வம் என்னிடம், "குழந்தை பொறக்கிற வரைக்கும் அந்த மணிச் சட்டத்தை மூட்டை கட்டி வையேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் சொல்லியிருப்பார்கள்? கலாவின் மருமகன் பக்கத்திலேயே வீடு தேடுகிறான் என்று காதில் விழுந்திருந்தது. எங்களைக் கிளப்பிவிட்டு மகளை இங்கே வைத்துக்கொள்ளத்தான் இத்தனையும் என்று நினைத்தேன். இன்னொன்றும் உறுத்தியது. கலா கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறவள். அவள் கொடியில் காயப்போட்டிருந்த ஒரு ரவிக்கைக் கையில், என் சட்டத்தில் பாதி முடிந்திருந்த பூவைப் போலவே ஒரு பூ இருந்தது.

மூட்டை கட்டவில்லை. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கலா கதவைப் பாதிதான் திறந்தாள். "இன்னா?"

"நான் என்ன பூஜை செய்யிறேன், நீயே பாரு."

"பாக்கறதுக்கு இன்னா கீது? அதான் காதால கேக்கறனே. மேரான்ற, துவான்ற. பூதம் பூதம்னு கூப்புட்ற. ஊட்ல புள்ளத்தாச்சி கீறா, தெரியுமில்ல?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அது பூதமில்லை, கலா. பூத்தே. மலாய் பாஷையில வெள்ளை. மேரான்னா சிவப்பு. துவான்னா ரெண்டு. வெள்ளை ரெண்டு, சிவப்பு மூணுன்னு மணி எண்ணுறேன்."

உள்ளே கட்டிலிலிருந்து சுகந்தியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "யம்மா, உள்ள வர வுடும்மா. நானும் பாக்கறேன்."

கலா வழிவிட்டாள், முகத்தில் இளக்கம் இல்லை. "செரி. தமிழ்ல எண்ணு, பாப்போம்."

தரையில் உட்கார்ந்தேன். வெள்ளை ரெண்டு, சிவப்பு மூணு. கை ஓடவில்லை. மனசுக்குள் ஒருமுறை மொழிபெயர்த்துவிட்டுத்தான் ஊசி நகர்ந்தது. ஒரு வரிசை முடிவதற்குள் எண்ணிக்கை தப்பி, இதழின் ஓரம் பிசகிவிட்டது. பிறந்ததிலிருந்து வீட்டில் தமிழ் பேசுகிறவள் நான். அவர்கள் முன்னால் அந்த வரிசையைப் பிரிக்கும்போது காது சுட்டது.

கலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். தைத்து முடிந்த பகுதியின் மேல் விரலை ஓட்டினாள். "இத்தினி சுகர் பீட்ஸையும் ஒண்ணொண்ணாவா எட்த்து வச்ச? கண்ணு பூத்துறாது?" பிறகு தன் ஆரிச் சட்டத்தை இழுத்துப் போட்டாள். மணிகளை முதலிலேயே நூலில் கோத்துவைத்து, கொக்கி ஊசியால் ஒவ்வொன்றாகத் துணியில் கட்டிக்கொண்டு போவது அவள் முறை. நான் ஓர் இதழ் முடிப்பதற்குள் அவள் ஒரு பூங்கொடியே போட்டுவிடுவாள் போலிருந்தது. ஊசியை என்னிடம் நீட்டினாள். எனக்கு நூல் சிக்கியது. என் ஊசியில் அவளுக்கு மணி நிற்கவில்லை, தரையில் உருண்டது. "ஐய, புடிக்கறதுக்குள்ள ஓட்து பாரு!" என்று கலா உள்ளங்கையால் அதை அமுக்கிப் பிடித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். வெயில் சாயும்வரை இருந்துவிட்டேன். யாரும் அதிகம் பேசவில்லை. செருப்புக் கடையில் இருந்ததைப் போலவே இருந்தது.

கிளம்பும்போது, "ஒரு போட்டோ எட்த்துக்கறேன் யக்கா" என்று என் சட்டத்தைப் போனில் எடுத்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வராமல் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹவுஸ் ஓனர் மறுபடி போன் செய்யவில்லை. அவரிடம் முதலில் சொன்னது யார், பிறகு சமாதானம் சொன்னது யார், இன்றுவரை எனக்குத் தெரியாது. எலுமிச்சை வாடியதும் எடுத்துவிட்டார்கள். பொம்மை அங்கேயே இருந்தது. சுகந்திக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் விழாவுக்குக் கூப்பிட வந்த கலா, வாசலில் நின்றபடியே, "உன் கையால புள்ளைக்கு கருப்பு மணி கோத்து குடேன்" என்றாள். மலாக்காவிலிருந்து கொண்டுவந்ததில் நல்ல கறுப்பாகப் பொறுக்கி, நடுநடுவே வெள்ளை வைத்து, செருப்புக் கடையில் போடும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அந்த முடிச்சை இழுத்து அவிழ்க்க முடியாது. வெட்டத்தான் வேண்டும்.

விழாவன்று குழந்தையைக் கலாவே என் மடியில் வைத்தாள். பூப்போன்ற அந்த மணிக்கட்டில் கருமணி வளை இருந்தது. மணிகள் என்னுடையவைதான், வெள்ளை நான் வைத்த இடங்களில்தான் இருந்தது. நூல் மட்டும் என்னுடையது இல்லை. கலாவின் ரவிக்கைகளில் ஓடுகிற ஆரி நூல். முடிச்சும் அவள் போட்டது. என் நூலை வெட்டி, ஒவ்வொரு மணியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியான பிறகு திரும்பக் கோத்திருக்கிறாள்.

நிமிர்ந்தேன். பந்தி வைக்கிற அவசரத்திலும் கலா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "துன்னியா யக்கா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். குழந்தை என் விரலைப் பிடித்து இழுத்தது. என் மணிகள் அவள் நூலில் மேலும் கீழுமாக நகர்ந்தன.