புருவக்காரி திரும்பிப் பார்த்தாளா?

மூன்று ஹாரன் கேட்டால் எழுந்துவிட வேண்டும். திரையில் யார் யாரைச் சுட்டாலும் சரி, கட்டிப்பிடித்தாலும் சரி, மலைக்காரர்கள் நாங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஒடுகத்தூரிலிருந்து எங்கள் மலைக்கு ஏறும் கடைசி பஸ் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் புளியை விற்றுவிட்டு மேட்னிக்குப் போவோம். தியேட்டர்காரர் மலிவாகக் கிடைத்த பழைய இங்கிலீஷ் படங்களைத்தான் அப்போது ஓட்டுவார். ஒரு படத்துக்கும் நாங்கள் முடிவு பார்த்ததில்லை.

முடிவைச் சொன்னவர் பஸ் கண்டக்டர். ஏறியதும், "எது வரிக்கும் பாத்தீங்க?" என்பார். ஆளாளுக்குச் சொல்லுவோம். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே அவர் மிச்சக் கதையை முடிக்கும்போது முதல் கொண்டை ஊசி வளைவு வந்திருக்கும். ஹாலிவுட் நடிகர்களின் பெயர் எங்கள் வாயில் நுழையாது. மீசைக்காரன், தொப்பிக்காரன், புருவக்காரி என்று நாங்களே வைத்துக்கொண்டோம். புருவக்காரி சின்ன வயதில் ஓட்டலில் தட்டு கழுவியவள், அதனால்தான் கோப்பையை அப்படி அழுத்திப் பிடிக்கிறாள் என்று சொன்னவரும் அவர்தான். லீவு நாளில் வேலூரில் எல்லாப் படத்தையும் பார்த்துவிடுவார் என்று நம்பினோம். ஒருத்தரும் கேட்டதில்லை.

எனக்கு அப்போது இருபது வயது. கல்யாணமாகி எட்டே மாதத்தில், கண்ணமங்கலத்துப் புருஷன் வீட்டில் அடி தாங்காமல் அம்மாவிடம் ஓடிவந்திருந்தேன். திங்கட்கிழமை வந்து அழைத்துப்போவதாக அவன் சொல்லி அனுப்பியிருந்தான். ஊரே போ என்றது, அம்மாவும்தான். அதற்கு முந்தின நாள் பார்த்த படத்தில் புருவக்காரி புருஷனுடைய பெரிய வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றாள். மழை கொட்டுகிறது. உள்ளேயிருந்து அவன் கூப்பிடுகிறான். அவள் கழுத்து லேசாகத் திரும்புகிறது. ஹாரன்!

பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் கையை நீட்டியபடி நானே கேட்டேன்: "அவ போனாளாண்ணே, இருந்துட்டாளா?" டிக்கெட்டைக் கொடுக்காமல் கண்டக்டர் என் கையைப் பார்த்தார்.

"போய்ட்டாம்மா. திரும்பியே பாக்கல. அப்பறம் சொந்தமா வேல பாத்து ராணி மாரி இருந்தா."

மறுநாள் புருஷன் வந்து கத்தினான். அம்மா அழுதாள். நான் அசையவில்லை. பத்தாவது படித்திருந்தது கை கொடுத்தது. நர்சு படிப்பில் சேர்ந்தேன். காவலூர்ப் பக்கம் முப்பத்தைந்து வருஷம் ஊசி போட்டு ஓய்வு பெற்றேன். என்னைத் துணிச்சல்காரி என்பார்கள். துணிச்சலாவது மண்ணாவது! புருவக்காரிக்கு முடிந்தது எனக்கு முடியாதா என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

போன மாதம் என் அக்கா மகள் நான் சொன்ன அடையாளங்களை வைத்து அந்தப் படத்தைச் செல்போனில் தேடிப் பிடித்தாள். அதே வாசல், அதே மழை. கழுத்து திரும்பியது. பெட்டியைக் கீழே வைத்தாள். உள்ளே ஓடி, அவன் காலடியில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இன்னாடி இது? வேற படத்தப் போட்டுட்டியா?" என்று கத்தினேன். படம் உண்டான கதையை அவள் போனிலேயே படித்துக் காட்டினாள். முதலில் புருவக்காரி வெளியேறிப் போவதாகத்தான் எடுத்தார்களாம். குடும்பப் பெண் அப்படிப் போகலாமா என்று படக் கம்பெனி முதலாளிகள் குதித்ததால் கடைசிக் காட்சியை மாற்றி எடுத்தார்களாம். அந்த நடிகை முடியாது என்று அழுது, அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அப்படிச் சிரித்தாளாம். பழைய முடிவை வெளியே ஒருத்தரும் பார்த்ததே இல்லையாம். அப்படியென்றால் கண்டக்டர் எங்கே பார்த்தார்?

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் ஒடுகத்தூரில் மகனோடு இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். போய்க் கேட்டேன்.

"நா எங்கம்மா பாத்தேன்?" என்று சிரித்தார். "நீங்க சொல்றத வச்சி மிச்சத்த நானே கட்டுவேன். எப்பவும் நல்லபடியா சேத்து வச்சி முடிச்சிருவேன். அன்னிக்கி நீ கைய நீட்டுன பாரு, மணிக்கட்டெல்லாம் வளையல் ஒடஞ்சி கிழிச்ச காயம். நாளைக்கி மாப்ள வர்றாரு, அனுப்பி வைக்கணும்னு உங்கம்மா முன்சீட்டுல சொல்லிக்கினு இருந்தாங்க. வாயில வந்துச்சி, சொல்ட்டேன்."

அடப்பாவி மனுஷா! என் நாற்பது வருஷமும் அந்த ஒரு டிக்கெட் கிழிக்கும் நேரத்தில் கட்டிய கதையா? அதை நம்பித்தான் புருஷனோடு போகவில்லை என்று சொன்னேன். இப்போது அவர் முகம் வெளுத்தது.

"அய்யய்யோ! நா சும்மா சொன்னதுக்கா புருசன வுட்ட?" என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நல்லாதானே கீற? நல்லாதானே கீற?"

"நல்லாகீறேண்ணே," என்றேன். அவருக்குச் சமாதானமாகவில்லை.

"நெசப் படத்துல அவ இன்னாதான் பண்ணா?"

தெருமுனையில் மலைக்குப் போகும் பஸ் ஹாரன் அடித்தது. பழைய பழக்கம், பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். வாசற்படியில் நின்று சொன்னேன்:

"போய்ட்டாண்ணே. திரும்பியே பாக்கல."